மலையெல்லையில் இயன்முறை மருத்துவரின் தொடர்கல்வி

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலமலைக்கு ஏறும் பாதைகளுள் ஒன்று, கம்பம்மெட்டில் மாநில எல்லையைக் கடக்கிறது. விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து இவ்வழியே தோட்ட வேலைக்குச் செல்லும் தமிழ்நாட்டுத் தொழிலாளருள் பெண்கள் பலர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரடியிலிருந்து தரையையொட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. ஆதலால் காய் எடுப்பவர் குனிந்தோ குத்தவைத்தோ பகல் முழுவதும் தூர் தூராக நகர்ந்து செல்ல வேண்டும். சரிவும் ஈரமும் வேறு. இத்தகைய வேலையில் இடுப்புவலியும் முழங்கால் வலியும் வருவதில் வியப்பில்லை.

இடுப்பு பிடித்துக்கொண்டு வரும் பெண்ணுக்கு இயன்முறை மருத்துவர் என்ன சொல்ல வேண்டும்? அசையாமல் படுத்திருக்கச் சொல்வதே முன்னாளில் முறையெனக் கருதப்பட்டது. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 7 நாள் படுக்கையால் கிட்டும் பயன் 2 நாளிலேயே கிட்டுகிறது என்று காட்டிற்று. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஆய்வோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. வலி இடங்கொடுக்கும் அளவிற்கு அன்றாட அலுவல்களைச் செய்துவந்தவர்கள், படுத்திருந்தவர்களைக் காட்டிலும், முதுகிற்கெனத் தனிப் பயிற்சி செய்தவர்களைக் காட்டிலும் விரைவில் குணமடைந்தனர். கால் மரத்துத் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது வேறு விஷயம். ஏனையோருக்குப் பழைய முறைப்படி படுக்கை விதித்தால், நோய் நீடிப்பதோடு கூலியும் போகும். பாடம் மாறியதை அறியாத சிகிச்சையாளருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நஷ்டம் கூலிக்காரிக்கே.

பக்கவாத விஷயத்தில் பாடம் இன்னும் சிக்கலானது. நோயாளியை எவ்வளவு விரைவில் எழுப்பி நடத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்பது பலரும் கொண்டிருந்த நம்பிக்கை. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு, முதல் 24 மணி நேரத்திற்குள் அடிக்கடியும் மிகுதியாகவும் எழுப்பி நடமாடச் செய்தால் நற்பலன் குறைகிறது என்று கண்டது. இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடையே நடந்து 2017இல் வெளியான ஆய்வு மலைப்பகுதியினர் கவனிக்க வேண்டியது. வழக்கமான சிகிச்சையோடு, குடும்பத்தார் ஒருவருக்குப் பயிற்சி தந்து வீட்டில் தொடரச் செய்தனர். ஆறு மாதம் கழித்து, இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காடு. வித்தியாசமே இல்லை. மலைச் சிற்றூருக்கு எப்போதாவது ஒருமுறை செல்லும் இயன்முறை மருத்துவர், மருமகளிடம் நாலு பயிற்சியைக் காட்டிவிட்டுத் திரும்புவது இயல்பு. வேறு வழியும் அவருக்குக் குறைவு. அது மட்டும் போதும் என்று மனம் நிறைவதற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை.

இச்செய்திகள் அவரை எவ்வாறு எட்டுகின்றன என்பதே கேள்வி. தொடர்கல்வி என்ற பெயரில் நகரங்களில் வார இறுதிகளில் நடைபெறும் வகுப்புகள் பெரும்பாலும் ஏதேனும் ஓர் உத்தியைக் கற்பிப்பவை. கட்டணம் உண்டு, சான்றிதழும் உண்டு. கைக்கு ஒரு வித்தை கூடுகிறது. முன்பு கற்ற வித்தை ஒன்றைக் கைவிட வேண்டும் என்று அங்கே எடுத்துரைப்பார் அரியர்.

தனித்துப் பணிபுரிபவருக்கு வேண்டியது வேறு. மாதம் ஒருமுறை, தாம் பார்த்த இரண்டு மூன்று நோயாளிகளின் குறிப்புகளை அனுபவமிக்கவர் முன் வைத்து விவாதிக்கும் கூட்டம் ஒன்று போதும். தேனியிலும் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவை சேர்ந்து இதனை நடத்தலாம். சேர்ந்து நடத்தவேண்டிய அவசியமும் இருக்கிறது. நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டத்தில் இடுப்பு பிடித்த பெண், கம்பத்தில் வீடு திரும்பிச் சிகிச்சை பெறுகிறாள். அவளைப் பார்ப்பவர் ஏலச்செடியின் தூரடியைக் கண்டிராவிட்டால், “குனியாதே அம்மா” என்ற அறிவுரையைத் தவிர வேறென்ன கொடுப்பார்? அது அவள் பின்பற்ற முடியாத அறிவுரை. ஆண்டிற்கு ஒரு நாளாவது காய் எடுப்பின்போது தோட்டத்தில் நின்று பார்ப்பதும் கல்வியாகக் கணக்கிடப்பட வேண்டும்.

2021ஆம் ஆண்டின் சட்டப்படி இயன்முறை மருத்துவர்கள் தேசிய ஆணையத்தின்கீழும் மாநிலக் குழுக்களின்கீழும் வருகின்றனர். அதே ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை சிகிச்சையைத் தமிழ்நாட்டில் வீட்டுவாசல் வரை கொண்டுசென்றுள்ளது. பதிவேட்டைக் காக்கும் குழுக்கள் கல்வியை அளக்க முற்படும்போது, சான்றிதழ்களை எண்ணுவதைவிட விவாதித்த நோயாளிக் குறிப்புகளை எண்ணுதல் தகும். எல்லைக்கு இருபுறத்துக் கூட்டங்களையும் இரு மாநிலக் குழுக்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய ஆய்வுகளின் சுருக்கம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் வருமானால், கிராமச் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் அதனைப் படித்து, படுத்தே கிடக்கும் இடுப்புவலிக்காரரிடம் எழுந்து நடமாடச் சொல்லலாம்.