பூநாரை எங்கே? கிணற்று நீர் எங்கே?

எல்லக் கணவாயின் முகப்பில் நின்று தெற்கே நோக்குவார்க்கு, வானம் தெளிந்த நாளில், மலையிடுக்கினூடே தாழ்நிலம் விரிந்து கடற்கரை வரை செல்வது புலப்படும். அக்காட்சியைப் படம்பிடிக்க வருவோர் ஆயிரமாயிரம். அதே இடுக்கின் வழியே இறங்கியோடும் கிரிந்தி ஓயா எங்கே போகிறதென்று கேட்போர் எத்தனை பேர்?

பண்டாரவளை மலைகளிற் பிறந்து, வெல்லவாயவைக் கடந்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை நிரப்பி, தென்கடலிற் கலக்கிறது அவ்வாறு. அதன் பாசனக் கழிவுநீரில் ஒரு பகுதி சென்று விழுமிடம் புந்தலக் களப்புகள். வடபுலத்தைப் பனி மூடும் மாதங்களில், சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் உள்ளானும் கோட்டானும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் தஞ்சம் புகும் கரை அது.

“தேயிலை கொய்வோனுக்கும் வயலுழுவோனுக்கும் பறவையால் ஆவதென்ன? அது வெளிநாட்டார் தொலைநோக்கி கொண்டு பார்க்கும் வேடிக்கையன்றோ?” என்று ஏளனம் பேசுவோர் உளர். அவர்கட்கே இம்மறுமொழி.

புந்தலையில் நடந்ததென்ன? 1980களில் கிரிந்தி ஓயாத் திட்டம் நிறைவேறியது. புதிய வயல்களின் வடிகால்நீர் எம்பிலிகல, மலல என்னும் களப்புகளுக்குள் பாய்ந்தது. உவர்நீர் நன்னீராயிற்று. உப்பிலே வாழ்ந்த நுண்ணுயிர்கள் குன்றின, சம்புப்புல் மண்டியது, நீரோரப் பறவைகள் அலகால் துழாவி இரைதேடும் சேற்றுமேடுகள் நீரில் மூழ்கின. உவர்நீரையே நம்பியிருந்த இறால் அருகியது. வலைவீசிப் பிழைத்தோர் வயிற்றில் அடி விழுந்தது. செந்நிறக் கூட்டமாக இறங்கிய பூநாரைகளும் வரவைக் குறைத்து, ஈற்றில் அக்களப்புகளைக் கைவிட்டன. மன்னாரிலும் யாழ்ப்பாணக் களப்புகளிலும் காணக்கிடைக்கும் அப்பறவை, தனக்குப் புகழ்தந்த புந்தலையில் அரிதாயிற்று.

இதிலுள்ள விந்தையைக் கேளுங்கள்! ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இலங்கையின் முதலாவது ஈரநிலமாகப் புந்தல பதியப்பட்டது 1990இல். தேசியப் பூங்காவானது 1993இல். உலகறியக் காப்பதாக வாக்களித்தபோதே, வடிகால்நீர் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. ஒரு கை பட்டயம் எழுதிற்று. மறு கை மதகைத் திறந்தது.

அப்பாடம் கற்கப்பட்டதா? இல்லை. மகாவலியோடு கூடித் திருகோணமலைக் கடலைச் சேரவேண்டிய உமா ஓயாவை மறித்து, மலையைக் குடைந்து, கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பினர். 2014 டிசம்பரிலும் 2017இலும் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மக்கள் தெருவுக்கு வந்து முழங்கினர். ஆயினும் 2024 ஏப்ரல் 24ஆம் நாள் 120 மெகாவாற்றுத் திட்டம் ஆரவாரத்தோடு திறந்துவைக்கப்பட்டது. மலையில் நீரிழந்தவன் ஏங்கி நிற்க, சமவெளியில் நீர் மிகுந்த களப்பின் கதி என்னாகுமென்று யார் விளக்கினர்?

நீர்ப்பாசனத்துக்கு நாம் எதிரிகளல்லர். தென்கீழ் வறண்ட நிலத்து உழவனின் தாகமும் தாகமே. பறவையா, நெல்லா என்று கேட்பது பொய்வழக்கு. பெரும்போகத்து நீர் பாயும் காலமும் பறவைகள் வரும் காலமும் ஒன்றே; ஆகவே இரண்டையும் ஒருங்கே கணக்கிட்டிருக்க வேண்டும். கணக்கிடாமற் போனதே குற்றம். களப்புக்கும் கிணற்றுக்கும் கேடு செய்தது இந்த அலட்சியமேயன்றி, வேறன்று.

உழவனும் பறவையும் ஒன்றி வாழ இயலாதென்பார், செங்கற்பட்டு வேடந்தாங்கலைச் சென்று காணட்டும். அங்கே ஏரியில் விழும் பறவை எச்சம் வயலுக்கு உரமாவதை உணர்ந்த குடியானவர்கள், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வேட்டைக்காரரை விரட்டி வருகின்றனர். எந்த அதிகாரி அவர்கட்குப் பாடம் நடத்தினார்?

எனவே நாம் கேட்பவை மூன்று. வயல் வடிகாலைக் களப்புக்குள் விடாது திருப்பும் வழியை அரசு உடனே வகுக்கட்டும். களப்பின் உப்பளவையும் நீர்மட்டத்தையும், சனவரிதோறும் எடுக்கப்படும் நீர்ப்பறவைக் கணக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வெளியிடட்டும். சுரங்கத்தால் நீரிழந்தோர் பட்டியலைத் தோட்ட லயன்களும் விடுபடாமல் ஆராய்ந்து, இழப்பீட்டைத் தீர்க்கட்டும்.

பொறியியலாளரே, ஆசிரியரே, உழவரே! வருகிற மார்கழியில் உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புந்தலைக்குச் செல்லுங்கள். வந்த பறவைகளை எண்ணுங்கள், வராதவற்றையும் எண்ணுங்கள். மலையிலே பிறந்த ஆறு கடலோரத்தில் என்ன செய்கிறதென்று மலைநாட்டான் கண்ணாரக் காணட்டும். கண்டபின் அவன் வாய் திறப்பான். வாய் திறவாதவன் கிணற்றுக்கு நீர் தானாக ஊறி வருமென்று எவரும் எண்ணவேண்டா!