குடும்பப் பகுதி: கடல் கடந்த சம்பந்தம்

கடல் கடந்து வாழும் வரனுக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் உண்டு. மகிழத் தக்கதே. ஆயினும், முகூர்த்தம் குறிக்குமுன் நாம் ஆலோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றுள்ளது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுப் பிரஜையாக உள்ள மணமகன், தாம் மணக்கவிருக்கும் பெண்ணை ‘கே-1’ விசாவின் மூலம் வரவழைத்துக்கொள்ளலாம். நிரந்தர வாசியாக மட்டும் உள்ளவருக்கு இவ்வழி இல்லை. மனுச் செய்வதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருத்தல் பொது விதி. பெண் அங்குச் சேர்ந்த 90 நாட்களுக்குள் விவாகம் நடந்தாக வேண்டும்.

இவ்விசா மணமாகாதவர்களுக்கே உரியது. பெரியோர் திருப்திக்காக இங்கேயே தாலி கட்டி அனுப்பிவிட்டால், அவள் மனைவியாகிவிடுகிறாள், கே-1 பொருந்தாது. மனைவிக்குரிய மனுவைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதுவரை புதுப்பெண் பிறந்தகத்திலேயே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

மதம் வேறான இருவர் இங்கே மணப்பதானால், 1954-ஆம் ஆண்டு விசேஷ விவாகச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து 30 நாட்கள் பொறுக்க வேண்டும். இரண்டு வார விடுப்பில் வரும் மாப்பிள்ளைக்கு அது போதாது.

பெயரிலும் கவனம் தேவை. தகப்பனார் பெயர் பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தாகவும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகவும் நின்றால், ஒரே பெண் இரு பெண்களாகத் தோற்றமளிப்பாள். முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்க.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் நாளிலேயே இத்தஸ்தாவேஜுகளின் பொருத்தத்தையும் பார்த்துவிடுவோமாக.