திருட்டுக்குத் தூக்குப் போட்டுப் பார்த்த நாடு



"அந்தக் கால வெள்ளைக்காரன் மாதிரி திருடினால் தூக்கு என்று சட்டம் போட்டால் ஒரு பயல் திருட மாட்டான்" என்று ஒரு செய்தி நம் குடும்பக் குழுவில் நாலு நாளாகச் சுற்றுகிறது. என்னிடம் படித்தவர்களே கைதட்டி இருக்கிறீர்கள். வரலாறு நடத்தியவன் நான், எப்படிச் சும்மா இருப்பது?

வெள்ளைக்காரன் அதைச் செய்தே பார்த்துவிட்டான் ஐயா. இங்கிலாந்தில் 1699-ல் வந்த சட்டப்படி, கடையில் கண்ணில் படாமல் 5 ஷில்லிங் பெறுமான பொருளை எடுத்தாலே மரண தண்டனை.

அதில் மாட்டியவள் மேரி ஜோன்ஸ் என்ற இளம்பெண். ஸ்பெயினோடு போர் வரும் என்று கப்பற்படைக்கு ஆள் பிடித்த நேரம். அவள் புருஷனையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். (இது திருட்டில்லையாம், அரசாங்க வேலை!) கைக்குழந்தையோடு சேர்த்து இரண்டு பிள்ளைகள். படுக்க இடமில்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னாள். லண்டன் லட்கேட் பகுதித் துணிக்கடையில் துணி திருடிய குற்றம். அங்கே கடைத் திருட்டு அதிகம், ஒருத்தியையாவது தூக்கில் போட்டால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்றார்கள். 1771-ல் டைபர்ன் தூக்குமேடைக்குக் கிளம்பும்போதும் குழந்தை அவள் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்ததாம். 1777-ல் சர் வில்லியம் மெரிடித் நாடாளுமன்றத்திலேயே இதை எடுத்துச் சொல்லி, சட்டம் செய்த கொலை என்றார்.

சரி, பயம் வந்ததா? தூக்கு பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே பிக்பாக்கெட் அடித்தார்கள். பிக்பாக்கெட்டுக்கும் அப்போது தூக்குதான்! மனசு கேட்காத ஜூரிகள், பத்து ஷில்லிங் சரக்கை நாலு ஷில்லிங் பத்துப் பென்ஸ் என்று பொய்யாக மதிப்புப் போட்டுக் குற்றவாளிகளைக் காப்பாற்றினார்கள். சத்தியம் செய்துவிட்டுப் பொய்! அந்தக் கருணை கிடைத்தால் உயிர், கிடைக்காவிட்டால் கயிறு. இதற்குப் பெயர் கடுமையான சட்டமா, சீட்டுக் குலுக்கலா?

1810-ல் சாமுவேல் ரோமிலி இந்தத் தண்டனையை நீக்க மசோதா கொண்டுவந்தார். பிரபுக்கள் சபை தோற்கடித்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஏழு பேர் பிஷப்புகள். தூக்கை எடுத்தால் கடைக்காரர் சொத்துக்குப் பாதுகாப்பு இல்லையாம். நூற்றுப் பத்து வருஷம் தூக்கில் போட்ட பிறகும் கடைக்குப் பயம் போகவில்லை என்றால், அந்தக் கயிறு என்ன கிழித்தது?

செய்தியை அனுப்பிய மருமகப்பிள்ளை இதற்குப் பதில் எழுதட்டும். கைதட்டியவர்களும் எழுதலாம்.