விக்கிரவாண்டி டோல்கேட்டில் கூடுதல் லேன்... கிளவுடில் ஆட்டோ ஸ்கேலிங்: பொங்கலுக்கு நம்பி விட்டுட்டுப் போகலாமா?

பொங்கல் லீவு முடிந்து சென்னை திரும்புகிறவர்களுக்கு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கும் விக்கிரவாண்டி டோல்கேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாதாரண நாளில் சர்ரென்று கடந்துவிடலாம். அன்றைக்கு ஊர்ந்துதான் போகணும். சென்னை பக்கம் கூடுதல் லேன் திறப்பார்கள். கூட்டம் குறைந்ததும் மூடுவார்கள்.

கிளவுடில் இதற்குப் பெயர் ஆட்டோ ஸ்கேலிங். லேனுக்குப் பதில் விர்ச்சுவல் மெஷின். அதாவது, ஒரு பெரிய சர்வரை மென்பொருள் மூலம் பல கம்ப்யூட்டர்களாகப் பிரித்து வாடகைக்கு விடுவது. சிபியு பயன்பாடு 70 சதவீதத்தைத் தாண்டினால் இன்னொரு மெஷினைச் சேர், 30க்குக் கீழே இறங்கினால் ஒன்றை நிறுத்து என்று எழுதி வைத்தால் போதும். அமேசான் 2009இல் கொண்டுவந்த இந்த வசதி இன்று மைக்ரோசாப்ட், கூகுள் கிளவுடுகளிலும் இருக்கிறது.

'அப்போ செட் பண்ணிட்டு ஊருக்குப் போயிடலாமே?'

பல டீம்கள் அப்படித்தான் நினைக்கின்றன. அது தப்புக் கணக்கு.

அமேசானின் ஈசி2 மெஷின்களை வந்தபடியே விட்டால், சிபியு அளவு 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பதிவாகும். 1 நிமிடத்துக்கு ஒரு முறை வேண்டும் என்றால் தனிக் கட்டணம். மெமரி எவ்வளவு தீர்ந்தது என்பது அதில் வரவே வராது. அதற்குத் தனி ஏஜென்ட் போடணும். பிறகு புது மெஷின் எழுந்து, ஆப் லோடாகி வேலைக்கு வர இன்னும் சில நிமிடம். காலை 10 மணிக்கு ஏசி தட்கல் திறந்து 5 நிமிடம் கழித்து என்ன மிச்சம் இருக்கும் என்பது விழுப்புரம் ஜங்ஷனுக்கு டிக்கெட் தேடியவர்களுக்குத் தெரியும்.

2019 உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்நிறுவனப் பொறியாளர்கள் வழக்கமான ஆட்டோ ஸ்கேலிங்கை நம்பவில்லை. மேட்சுக்கு முன்பே மெஷின்களைத் தயாராக நிறுத்தி, பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து ஏற்றி இறக்கும் சொந்த முறையை வைத்திருந்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் மளமளவென்று சரிந்தது. சிக்கல் அங்கேதான். வெளியேறுகிறவர்கள் 'பேக்' பட்டனை அழுத்த, ஹோம் பேஜ் பக்கம் திடீர் நெரிசல். 'ஆள் குறையுதே' என்று கண்மூடி மெஷின்களை நிறுத்தியிருந்தால் ஆப்பே படுத்திருக்கும். (தோனி அவுட் ஆன சோகத்தோடு இது வேறா!)

பொங்கல் தேதி காலண்டரிலேயே இருக்கிறது. தெரிந்த கூட்டத்துக்கு சிபியு 70ஐத் தொடும் வரை காத்திருப்பது சோம்பேறித்தனம். குறிப்பிட்ட நேரத்தில் மெஷின்களைக் கூட்டும் ஷெட்யூல் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, திடீர் கூட்டத்துக்கு மட்டும் ஆட்டோ ஸ்கேலிங்கை விடலாம். உச்சவரம்பும் முக்கியம். வந்தது வாடிக்கையாளரா, பாட் தாக்குதலா என்று சிபியு அளவுக்குத் தெரியாது. பில் மட்டும் ஏறும்.

ஆட்டோமேஷன் வந்துவிட்டது என்று ஆன்-கால் பட்டியலைச் சுருக்கும் நிறுவனங்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அலாரம் அடித்தால் யாரோ ஒருவர் எழுந்தாகணும். பட்டியலில் பெயர் இல்லையென்றால், திண்டிவனத்தில் மாட்டுப் பொங்கலன்று சிக்னல் தேடி மொட்டை மாடியில் லேப்டாப்போடு உட்கார்வது டீமிலேயே ஜூனியரான ஆள்தான். அவருக்கு அன்று லீவு என்றும் பதிவாகியிருக்கும்.