காட்டுக்குள்ள ரெண்டு ராத்திரி: இஎம்ஐ போட்டு போறதும் தப்பு, போகாமலே இருக்குறதும் தப்பு!



போன வாரம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டுல ஒரு நண்பரோட காபி குடிச்சிட்டு இருந்தேன். மொபைலை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். அடர்ந்த மழைக்காடு, மேகம் இறங்கி நிக்குது, நடுவுல மரத்தால கட்டின ஒரு காட்டேஜ். "ஈகோ லாட்ஜ். நைட் சஃபாரி, ட்ரெக்கிங், ரெண்டு நைட். பசங்க ரொம்ப ஆசைப்படறாங்க. கார்டுல போட்டு 12 மாச இஎம்ஐ ஆக்கிடலாம்னு பாக்கறேன். நீ என்ன சொல்ற?"

பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற ஆள் நான். "வேண்டாம், அந்தக் காசை எஸ்ஐபில போடுங்க"ன்னு சொல்லுவேன்னு அவர் எதிர்பார்த்தார். நான் அப்படிச் சொல்லல. ஏன்னு கேட்டா, முதல்ல எங்க அப்பா கதையைச் சொல்லணும்.

அப்பாவோட ரயில்வே பாஸ்

எங்க அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்தவர். வருஷா வருஷம் குடும்பத்துக்கு பாஸ் கிடைக்கும். அதை வெச்சு திருப்பதி போனோம், சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனோம். ஆனா அவருக்கு ஒரே ஒரு ஆசை, டாப்ஸ்லிப் பார்க்கணும், ஆனைமலைக் காட்டுக்குள்ள நடக்கணும்னு. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு செலவு வந்து நிக்கும். அக்கா கல்யாணம், வீட்டு லோன், என் காலேஜ் ஃபீஸ். "ரிட்டயர் ஆகட்டும், நிதானமா போவோம்" என்பார்.

ரிட்டயர் ஆனார். அதுக்கப்புறமும் தள்ளிப் போச்சு. கடைசியில் 71 வயசுல நான் கூட்டிட்டுப் போனேன். அதுக்குள்ள ரெண்டு முழங்காலும் போயிடுச்சு. நாங்க எல்லாரும் கைடு கூட ட்ரெக்கிங் கிளம்பினோம், அவர் தங்கின இடத்து வராண்டாவுல நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரும்பி வந்தப்போ ஒண்ணும் குறை சொல்லல. "பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும்டா"ன்னு மட்டும் சொன்னார்.

அப்பா ஒரு இன்ஸ்டால்மென்ட் கூட தவறல. பண விஷயத்துல அவர் செஞ்சது எல்லாம் சரி. ஆனா இந்த ஒரு செலவை மட்டும் அவர் பட்ஜெட்லயே எழுதல. எழுதாத செலவுக்கு எந்தக் காலத்துலயும் காசு இருக்காது. அதனாலதான் நண்பர்கிட்ட "போங்க, ஆனா இந்தக் கார்டுல போகாதீங்க"ன்னு சொன்னேன்.

கணக்கைப் பார்ப்போம்

திருச்சியிலிருந்து வால்பாறை போறதா வெச்சுக்குவோம். கரூர், பொள்ளாச்சி, ஆழியாறு, அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் சுமார் 280-300 கிலோமீட்டர். நாலு பேர், சொந்தக் கார், ரெண்டு ராத்திரி. இது என் உதாரணக் கணக்கு, உங்க ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க.

- அறை வாடகை ஒரு நாளைக்கு ₹9,000, ரெண்டு நாள், ஜிஎஸ்டியோட: ₹21,240
- பெட்ரோல்: ₹4,800
- வழியில சாப்பாடு: ₹4,000
- சஃபாரி, கைடு, என்ட்ரி: ₹3,500
- ரெயின்கோட், ஷூ, அட்டைக்கடிக்கு சாக்ஸ்: ₹5,500
- கைச்செலவு: ₹3,000

மொத்தம் சுமார் ₹42,000.

இதை வருஷம் 16% வட்டியில 12 மாச இஎம்ஐ ஆக்கினா மாசம் சுமார் ₹3,810. வட்டி மட்டும் ₹3,730. அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீ ₹500, அதுக்கும் ஜிஎஸ்டின்னு சேர்த்தா கிட்டத்தட்ட ₹5,000 கூடுதலா போகும்.

இஎம்ஐ கூட போடாம "மினிமம் ட்யூ கட்டிக்கலாம்"னு நினைச்சா இன்னும் மோசம். மாசம் 3.5% வட்டின்னா, ₹42,000-க்கு ஒரு மாச வட்டி ₹1,470. ஜிஎஸ்டியோட ₹1,735. நீங்க 5%, அதாவது ₹2,100 கட்டினா அசல்ல குறையறது வெறும் ₹365.

இப்போ திருப்பிப் போடுங்க. இன்னைக்கே மாசம் ₹3,500 ஒரு ஆர்டி ஆரம்பிங்க. 12 மாசத்துல நீங்க போட்டது ₹42,000. 6.5% வட்டின்னா சுமார் ₹1,500 மேல வரும். இஎம்ஐக்கும் ஆர்டிக்கும் மாசத் தொகையில பெரிய வித்தியாசமே இல்ல. ஆனா ஒரு வருஷ முடிவுல ₹6,500 வித்தியாசம். ஒரு ராத்திரி வாடகையில பாதிக்கு மேல!

"ஒரு வருஷம் காத்திருக்கணுமே சார்?" ஆமா, காத்திருக்கணும். அப்பா மாதிரி முப்பது வருஷம் காத்திருக்க வேண்டாம், தேதி போட்டு ஒரே ஒரு வருஷம். ஆர்டி பாஸ்புக்ல "காடு"ன்னு பென்சிலால எழுதி வைங்க, வேற செலவுக்குக் கை வைக்க மனசு வராது.

ஒரு கண்டிஷன். மூணு மாச வீட்டுச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்டும், குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸும் இல்லைன்னா முதல்ல அதை முடிங்க. "ஹவுசிங் லோன் முடியட்டும், அப்புறம் போலாம்"னா மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். லோன் முடியறப்போ உங்க முழங்கால் என்ன நிலைமையில இருக்கும்னு பேங்க் சொல்லாது.

₹7,500 கோடு

2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு அறைக்கு ஒரு நாளைக்கு ₹7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினா 18%. ₹9,000 அறைன்னா வரியோட ₹10,620. ₹7,400 அறைன்னா ₹7,770 மட்டும்தான். ரெண்டு ராத்திரிக்கு வாடகை வித்தியாசம் ₹3,200, ஆனா நீங்க கையில இருந்து கொடுக்கிற வித்தியாசம் ₹5,700! அதனால சீசன் இல்லாத வார நாள்ல ரேட் கேளுங்க. அதே அறை கோட்டுக்குக் கீழ வர வாய்ப்பு இருக்கு.

"ஈகோ"ன்னு போர்டு வெச்சா போதுமா?

இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. கடன் இல்லாம சேர்த்த காசு சரி, அது யார் கைக்குப் போகுது?

ஒரு தடவை நாங்களே ஏமாந்தோம். எந்த இடம், எந்த லாட்ஜ்னு சொல்லப் போறதில்ல. பேர்ல "ஈகோ", "நேச்சர்" எல்லாம் இருந்துச்சு. போய்ப் பார்த்தா ராத்திரி 11 மணி வரைக்கும் ஸ்பீக்கர், பக்கத்துலயே ஜெனரேட்டர், குரங்குக்கு பிஸ்கட் போட்டு போட்டோ. காட்டைப் பார்க்கப் போய், ஒரு கல்யாண மண்டபத்துல ரெண்டு நாள் தங்கிட்டு வந்தோம்.

பணத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கு. நீலகிரி சீகூர் யானை வழித்தடக் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யானைங்க போற பாதையில கட்டின ரிசார்ட்டுகளை அகற்றணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல தீர்ப்பு சொன்னது. 2018 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்ற உத்தரவால 27 ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்கச் சொன்னாங்க. 2020 அக்டோபர் 14-ல உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சது. அட்வான்ஸ் கட்டின பிறகு அந்த மாதிரி ஒரு இடத்துக்கு சீல் விழுந்தா, உங்க ரீஃபண்டுக்கு யாரைப் போய்க் கேப்பீங்க?

அதனால பணம் அனுப்பும் முன்னாடி போன் போட்டு இந்த நாலு கேள்வி கேளுங்க:

1. சுற்றுலாத் துறையில பதிவு இருக்கா? பதிவு எண் என்ன?
2. ட்ரெக்கிங், சஃபாரி எல்லாம் வனத்துறை அனுமதியோடவா? கைடு யாரு, உள்ளூர் ஆளா?
3. ஜிஎஸ்டி நம்பரோட பில் தருவீங்களா?
4. மழை, மண் சரிவு, காட்டுத்தீன்னு ரோட்டை மூடினா பணம் திரும்பி வருமா? அதை எழுத்துல தருவீங்களா?

"தனியா நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம், பர்மிஷன் எல்லாம் தேவையில்ல"ன்னு சொன்னா உடனே போனை வெச்சுடுங்க. என் நண்பர் காட்டின விளம்பரத்துல முதல் வரியே அதுதான்.

பணம் காட்டுக்கே திரும்பிப் போற இடங்கள்

நல்ல உதாரணங்களும் நம்ம பக்கத்துலயே இருக்கு. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் இருக்கிறது கேரளாவுல. ஆனா ரோட்டுல போகணும்னா பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப்னு தமிழ்நாடு வழியாத்தான் போகணும். அங்க மர வீடு, கூடாரம், தீவு விடுதின்னு தங்குற வசதிகளை வனத்துறை நடத்துது. காடர், மலசர், முதுவர், மலமலசர்னு அங்கேயே வாழற பழங்குடி மக்கள் கைடாவும் காவலராவும் அதுல வேலை செய்யறாங்க. நீங்க கொடுக்கிற காசுல ஒரு பங்கு அவங்க சம்பளமா போகுது. கன்னிமாரா தேக்கைக் கட்டிப் பிடிக்க கை போதாதுன்னு குழந்தைங்க சிரிக்கிறதையும் பார்க்கலாம்.

நம்ம மாநிலத்துல 2024 அக்டோபர்ல வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தை 40 பாதைகளோட ஆரம்பிச்சது. ஆன்லைன்ல புக் பண்ணலாம், உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி எடுத்து கைடா வர்றாங்க.

வால்பாறைல காசு வாங்காமலே பார்க்கக் கிடைக்கிறது நிறைய. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு பக்கம் வரையாடு நிக்கும். புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கு ரோட்டைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி வெச்சிருக்காங்க. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள் அழிஞ்ச மழைக்காட்டுத் துண்டுகள்ல பல வருஷமா நாட்டு மரம் நட்டு மீட்டு வர்றாங்க. யானை எங்க நிக்குதுன்னு எஸ்எம்எஸ்ல எச்சரிக்கை அனுப்புற முறையும் அவங்க கொண்டு வந்ததுதான், அதுக்காக ஆனந்த குமாருக்கு 2015-ல விட்லி விருது கிடைச்சது. அந்த ஊர்ல தேயிலைத் தொழிலாளிக்கும் யானைக்கும் நடுவுல உயிர்ப் பிரச்சனை. நமக்கு அது ஒரு வீக்எண்ட். இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கிட்டு போனா, வண்டியை நிறுத்தி யானையோட செல்ஃபி எடுக்கத் தோணாது.

கிளம்பும் முன்னாடி இ-பாஸ் விதியையும் பாருங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்திலிருந்து இருக்கு, வால்பாறைக்கும் 2025 நவம்பர்ல வந்துடுச்சு.

முதல்ல நம்ம ஊர்ல ஒரு ஒத்திகை

குழந்தைங்களுக்குக் காடு பிடிக்குமான்னே தெரியாம ₹42,000 செலவு பண்ணாதீங்க. ஆர்டி ஓடுற அந்த ஒரு வருஷத்துல ஒத்திகை பாருங்க. ஸ்ரீரங்கம் மேலூர்ல, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல, 25 ஏக்கர்ல வண்ணத்துப்பூச்சி பூங்கா இருக்கு. காலையில போங்க. ஒரு மணி நேரம் மொபைல் இல்லாம பசங்க நடக்கறாங்களான்னு பாருங்க. அடுத்தது துறையூர் வழியா பச்சமலை, டாப் செங்காட்டுப்பட்டி. ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம், பெட்ரோல், சாப்பாடு சேர்த்து ரெண்டாயிரம் ரூபாய்ல முடிஞ்சுடும்.

"அப்போ பச்சமலையே போதுமே, வால்பாறை எதுக்கு?"ன்னு சிக்கனக்காரங்க கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. மழைக்காட்டுல இருவாச்சி தலைக்கு மேல பறந்தா, றெக்கைச் சத்தம் ரயில் என்ஜின் நீராவி விடற மாதிரி கேக்கும். அப்பா வராண்டாவுல உட்கார்ந்திருந்தப்போ அவருக்குக் கிடைச்சது அந்தச் சத்தம் மட்டும்தான். "பொன்மலை ஷெட்ல கேட்ட மாதிரியே இருந்துச்சு"ன்னு வீடு வந்து பத்து நாள் சொல்லிட்டு இருந்தார்.

நண்பர் அந்த புக்கிங்கை விட்டுட்டார். அடுத்த நாளே மாசம் ₹3,500-க்கு ஆர்டி போட்டாச்சு, அடுத்த வருஷம் இதே மாசம் முடியும். அதோட ஒரு விஷயம் சொன்னார், "எங்க அப்பாவுக்கு இப்போ 63. அவரையும் சேர்த்துக்கறேன், பட்ஜெட் கொஞ்சம் ஏறும், பரவாயில்ல." அந்த ஒரு செலவை நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

உங்க வீட்டுல "ரிட்டயர் ஆகட்டும்"னு சொல்லிட்டு இருக்கிறது யாரு? இன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்போ அவங்க எங்க போக ஆசைப்பட்டாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ஆர்டி தொகையை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.