குரூப் போட்ட பூட்டு



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம்ம ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்ன குரூப் எடுக்கப் போற?" சயின்ஸ் என்றால் "ஓ, டாக்டரா!" என்பார்கள். காமர்ஸ் என்றால் "சரி, பேங்க் வேலைக்குப் போ" என்று முடித்துவிடுவார்கள். பதினைந்து வயதில் எடுத்த முடிவுக்கு வாழ்நாள் முழுக்க மாற்றமே கிடையாது என்று நாமும் நம்பிவிடுகிறோம். பி.காம். படிக்கிற ஒருவர் "இனிமே நான் டாக்டராக முடியுமா?" என்று கேட்டால் சிரிப்புதான் பதிலாகக் கிடைக்கும்.

அந்தச் சிரிப்பு தப்பு என்பதுதான் என் கருத்து.

முதலில் விதியைப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். சேர நீட் எழுத வேண்டும். அதை எழுத பிளஸ் டூ அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். இந்தப் பாடங்களைப் பள்ளியிலேயே படிக்காதவர்களுக்கு முன்பு கதவு மூடியே இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகும், அங்கீகாரம் பெற்ற போர்டில் இந்தப் பாடங்களைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று அதில் இருக்கிறது. வயதும் தடையில்லை. 2017-ல் பொதுப் பிரிவினருக்கு 25 வயது என்று உச்ச வரம்பு கொண்டுவந்தார்கள். 2022-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பி.காம். பட்டமோ பி.ஏ. பட்டமோ நமக்கு சீட் வாங்கித் தராது. நீட்டில் 180 கேள்வி. அதில் 90 உயிரியல், 45 இயற்பியல், 45 வேதியியல். காமர்ஸ் படித்தவர் என்று ஒரு மார்க்கூட சும்மா போட மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20, 21 வயதில் டிகிரி முடியும். இந்தப் பாடங்களைப் படித்துத் தேறி, நீட்டுக்கும் தயாராகக் குறைந்தது இரண்டு வருஷம். அப்புறம் எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், பயிற்சி மருத்துவராக ஒரு வருஷம். எல்லாம் முடியும்போது 28, 29 வயது ஆகிவிடும். அதுவரை வீட்டுக்குச் சம்பளம் வராது. நம்மில் பலர் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

"அவ்வளவு லேட்டாவா?" என்று கேட்பவர்களுக்கு நம்ம மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. காந்திகிராமத்தை 1947-ல் கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மா 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே திருமணம் ஆகி, இளம் வயதிலேயே முதல் கணவரை இழந்தவர். விதவை வெளியே வரவே தயங்கிய அந்தக் காலத்தில் டெல்லி போய், லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரானார். அப்போது அவருக்கு 32 வயது! அவர் காமர்ஸிலிருந்து மாறியவர் இல்லைதான். ஆனால் லேட்டாக டாக்டரானதால் ஊருக்கு என்ன குறைந்துவிட்டது? காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனையில் பிறந்தவர்கள் நம்ம வகுப்பிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

சரி, வேறு பாடம் படித்தவர் நல்ல டாக்டராக முடியுமா? சிங்கப்பூரில் ட்யூக்-என்.யு.எஸ். என்ற மருத்துவக் கல்லூரியில் டிகிரி முடித்தவர்களைத்தான் சேர்க்கிறார்கள். எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி இலக்கியம், வரலாறு போன்ற பாடம் படித்தவர்களுக்கென்றே 1987-ல் தனித் திட்டம் தொடங்கியது. அவர்கள் மற்ற மாணவர்களுக்குச் சமமாகவே படித்தார்கள் என்று 2010-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களும் உயிரியலும் வேதியியலும் ஓரளவு படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஆக, அறிவியல் கட்டாயம் வேண்டும். அதைப் பதினைந்து வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

"அப்போ யாரும் எந்த குரூப்பும் எடுக்கலாமா? அப்புறமா மாறிக்கலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். வேண்டாம்! டாக்டராகும் ஆசை இப்போதே இருந்தால் இப்போதே சயின்ஸ் எடுங்கள். அதுதான் செலவு குறைந்த வழி. நான் சொல்வது சுற்று வழி. நேர் வழி கிடைக்காதவர்களுக்கு அது இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

நான் காமர்ஸ் குரூப். கணக்குப்பதிவியல் எனக்குப் பிடிக்கும். நான் மாறப் போவதில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் எல்லோரும் பிடித்து வந்தவர்கள் இல்லை. கேட்ட குரூப்பில் சீட் நிரம்பியதால் வந்தவர்கள் உண்டு. "கடைக் கணக்குப் பார்க்க ஆள் வேணும்" என்று அப்பா சொன்னதால் வந்தவர்களும் உண்டு. இவர்களிடம் "உனக்கு அதெல்லாம் முடியாது" என்று சொல்லும் முன் விதியைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். பத்தாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு, எந்த குரூப்பில் எந்த வழி திறக்கும், எது மூடும், மூடியதை எப்படித் திறக்கலாம் என்பதை அட்மிஷனுக்கு முன்பே ஒரு கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். காமர்ஸ் மாணவர்களில் விருப்பம் உள்ளவர்கள் வாரம் ஒரு மணி நேரம் உயிரியல் ஆய்வகத்தில் உட்கார அனுமதி கொடுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், மனசு இருந்தால் போதும்.

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்ம திண்டுக்கல். பூட்டு செய்கிறவர் சாவி இல்லாமல் அதைக் கடைக்கு அனுப்ப மாட்டார். குரூப் கொடுக்கும்போது நாமும் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லியே கொடுப்போம்.

– 12-ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு மாணவி