காத்தாடி நிக்கிற மண்ணு யாருது?

காத்துக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். சரிதான், கிடையாது. ஆனா காத்தாடி நிக்கிற மண்ணுக்கு இருக்கு.

நான் மேலகரத்துக்காரன். குற்றாலத்துல சாரல் போடுற அதே காத்துதான் செங்கோட்டைக் கணவாய் வழியா நுழைஞ்சு, கிழக்கே ஆலங்குளம், சுரண்டை, ஊத்துமலைக் காடுகள்ல காத்தாடியைச் சுத்துது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெருமைதான். யாருக்கு?

1990 வாக்கில் டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் மாதிரிக் காற்றாலைகள் வந்தன. பின்னாலேயே உலக வங்கிக் கடன் வந்தது. நம்ம அரசாங்கம் தன் பங்குக்கு வரிச்சலுகை கொடுத்தது: காத்தாடி வாங்குகிறவன் அதன் முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். மில் முதலாளிகளும் சிமெண்ட் கம்பெனிகளும் ஓடிவந்தார்கள். சீசனில் கிடைக்கும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளவும் வழி செய்து கொடுத்தார்கள். முதலாளிக்கு மின்சாரம். பட்டாதாரருக்குக் கிரயப் பணம். அதே மானாவாரிக் காட்டில் உளுந்துக்கும் பருத்திக்கும் களையெடுத்த நம்ம சேரிப் பொம்பளைகளுக்கு? அந்தக் கூலியும் போச்சு. ஐடிஐ முடிச்ச என் அண்ணன் மகன் ஒரு காற்றாலைக் கம்பெனியில வேலை கேட்டுப் போனான். "வாட்ச்மேன் வேலைதான் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

மெஷினைத் தந்த டென்மார்க்கில் கதை வேறு. 1980களிலேயே அங்கே கிராமத்துச் சனங்கள் பங்கு போட்டுக் கூட்டாகக் காத்தாடி வாங்கினார்கள். 2008இல் சட்டமே போட்டார்கள்: புதுக் காற்றாலையின் பங்கில் குறைந்தது 20 விழுக்காட்டை அக்கம்பக்கத்தாருக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும். 2020இல் அதை மாற்றி, பக்கத்து வீடுகளுக்கு ஆண்டுதோறும் பணம் என்றாக்கினார்கள். அதே 2020இல் இந்தியாவோடு பசுமைக் கூட்டாண்மை ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். இறக்கை வந்தது, கோபுரம் வந்தது. அந்தப் பங்கு மட்டும் ஏன் கப்பலேறவில்லை?

நம்ம நாட்டுச் சட்டம் என்ன செய்கிறது? 2013ஆம் ஆண்டு நிலம் கையகச் சட்டம், மூன்று வருஷம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டோர் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் கம்பெனி பட்டாதாரரிடம் நேரடியாக, ஏக்கர் ஏக்கராக வாங்கும்போது அந்தச் சட்டம் கிட்டவே வராது. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆகவே பொது விசாரணையும் இல்லை. வாய் திறக்கக்கூட நமக்கு இடம் வைக்கவில்லை.

உலக மேடையில் 'நீதியான மாற்றம்' என்று பேசுகிறார்கள். 2021 கிளாஸ்கோ மாநாட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் என்றார்கள். அதில் பெரும்பகுதி கடன், மானியம் சொற்பம். அடுத்த ஆண்டு இந்தோனேசியாவுக்கு 2,000 கோடி என்றார்கள். 2025இல் அமெரிக்கா கையை உதறிவிட்டுப் போனது. பணக்கார நாடு கடனாளியாக்குகிறது என்று நம்ம ஆட்கள் அங்கே போய் நியாயம் கேட்கிறார்கள். கேட்கட்டும். நியாயமான கேள்விதான். ஆனா டெல்லிக்காரன் உலகத்துக்கிட்ட கேக்கிற பங்கை, சேரிக்காரன் ஊருக்குள்ள கேட்டா மட்டும் ஏன் கசக்குது? அந்த மாநாடுகளில் தொழிலாளி என்றால் சம்பளச் சீட்டு உள்ளவன். களையெடுக்கிறவள் அந்தக் கணக்கில் இல்லை.

"அப்போ நீ நிலக்கரிக்கு ஆதரவா?" என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. எண்ணூரில் சாம்பலைச் சுவாசிப்பது ஏழைச் சனம்தான். காத்தாடி வேணும். அதில் நமக்குப் பங்கும் வேணும்.

இதைக் கேட்கச் சரியான நேரம் இது. தமிழ்நாடு அரசு 2024இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை அறிவித்தது. 250 கிலோவாட் மெஷின் நின்ன இடத்துல 2,000 கிலோவாட்டுக்கு மேல் உள்ள மெஷின் நிற்கப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் மறுபடி அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு நிபந்தனை சேரட்டும். வருமானத்தில் ஒரு பங்கு நிலமற்ற குடும்பங்களின் கூட்டுறவுக்கு வரவேண்டும். பராமரிப்பு வேலைக்கு நம்ம பிள்ளைகளுக்குப் பயிற்சி தரவேண்டும். 1892 அரசாணையால் நமக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் அதில் கலந்திருக்கிறதா என்று பழைய பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டும்.

காத்தாடி நிக்கிற ஊர்த் தோழர்களே, அடுத்த கிராம சபைக்கு வெறுங்கையோடு போகாதீங்க. இந்த மூணையும் தீர்மானமா எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. பதிவு பண்ண மாட்டேன்னு சொன்னா, பண்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க.